ஐந்து மாதமாக விடாத தோள்வலி: விளையாடுகிறவர் மருத்துவரிடம் எப்படிப் போக வேண்டும்?

கேள்வி இதுதான்: "வயது 22. வாலிபால் அணியில் அட்டாக்கராக ஆடுகிறேன். ஐந்து மாதமாக வலது தோளில் வலி. விழவில்லை, அடிபடவில்லை, தானாகத்தான் ஆரம்பித்தது. இரண்டு மூன்று வாரம் ஆடாமல் இருந்தால் சரியாகிவிடுகிறது. திரும்ப ஸ்மாஷ் அடிக்க ஆரம்பித்தால் சில நாளில் மறுபடியும் வந்துவிடுகிறது. நேராக எம்.ஆர்.ஐ எடுத்துவிடலாமா? எந்த டாக்டரைப் பார்ப்பது? அடுத்த மாதம் போட்டி இருக்கிறது, ஊசி போட்டுக்கொண்டு ஆட முடியுமா?"

நான் விளையாட்டு வீரர்களோடு வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது "ஆடாமல் இருந்தால் சரியாகிவிடுகிறது" என்ற வரி. அந்த நிம்மதிதான் பலரை மருத்துவரிடம் போகவிடாமல் மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறது. சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வாரமே மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். ஸ்கேனில் இருந்து தொடங்காதீர்கள். தோளைத் தொட்டு, அசைத்து, பலம் பார்த்து, முழுதாகச் சோதிக்கிற ஒருவரிடம் போங்கள். ஊசி பற்றிய முடிவு அதற்குப் பிறகு. ஏன் இந்த வரிசை என்பதை இனி விரிவாகச் சொல்கிறேன்.

உடம்பில் தோளைப் போலச் சுதந்திரமாக அசைகிற மூட்டு வேறு இல்லை. மேற்கை எலும்பின் உருண்டையான தலை பெரியது, அது உட்காரும் குழியோ சிறியது, ஆழமும் இல்லாதது. எலுமிச்சை-கரண்டி ஓட்டத்தில் பழம் விழாமல் இருப்பதற்குக் காரணம் கரண்டியின் ஆழமா? ஓடுகிறவரின் கை நொடிக்கு நொடி சரிசெய்துகொண்டே இருப்பதுதான் காரணம். தோளில் அந்த வேலையைச் செய்பவை ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகளும், முதுகின் மேல் தோள்பட்டை எலும்பைப் பிடித்து நகர்த்தும் தசைகளும். குழியின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற குருத்தெலும்பு வளையம் இருந்து கொஞ்சம் ஆழம் சேர்க்கிறது. தோளில் "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் இந்த லேப்ரத்தையோ, கஃப் தசைகளை எலும்போடு இணைக்கும் தசைநாணையோதான் சொல்கிறார்கள்.

பேஸ்பாலில் பந்தை எறிகிறவரின் மேற்கை நொடிக்குச் சுமார் 7,000 டிகிரி வேகத்தில் உள்நோக்கிச் சுழல்கிறது என்று அளந்திருக்கிறார்கள். மனித உடம்பில் அளக்கப்பட்ட மிக வேகமான அசைவுகளில் அதுவும் ஒன்று. ஸ்மாஷ், டென்னிஸ் செர்வ், ஈட்டி எறிதல் எல்லாம் அதே குடும்பம். கை வேகமெடுப்பதில் மார்பும் முதுகும் காலும் சேர்ந்து உழைக்கின்றன. பந்தை அடித்த பிறகு அந்தக் கையை நிறுத்த வேண்டுமே, அந்த பிரேக் வேலை பெரும்பாலும் தோளின் பின்பக்கத்தில் இருக்கும் சிறிய தசைகளின் தலையில் விழுகிறது. ஜிம்மில் மார்புக்கும் புஜத்துக்கும் கொடுக்கும் நேரத்தில் கால்வாசிகூட இவற்றுக்குக் கிடைப்பதில்லை. மேலே கை தூக்கி அடிக்கும் விளையாட்டுகளில் அடிபடாமலேயே வரும் தோள்வலியில் பெரும்பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது: தாங்கும் திறனைவிடச் சுமை கூடிவிடுகிறது.

இப்போது ஓய்வுக்கு வருவோம். மூன்று வாரம் ஆடாமல் இருக்கும்போது எரிச்சல் அடங்குகிறது, வலி குறைகிறது. ஆனால் அந்த மூன்று வாரத்தில் தசைநாணும் தசையும் சுமை இல்லாமல் இன்னும் கொஞ்சம் பலம் இழக்கின்றன. வலி இல்லை என்ற நம்பிக்கையில் நீங்கள் திரும்பி வந்து முதல் நாளே பழைய எண்ணிக்கையில் ஸ்மாஷ் அடிக்கிறீர்கள். முன்பே தாங்காத சுமையை இப்போது பலம் குறைந்த தோள் எப்படித் தாங்கும்? உங்களுக்கு நடந்துகொண்டிருப்பது அநேகமாக இந்தச் சுற்றுதான். ஹேண்ட்பால் ஆடும் இளம் வீரர்களைப் பின்தொடர்ந்து 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, முந்தைய நான்கு வாரச் சராசரியைவிட ஒரு வாரத்தில் ஆட்டச் சுமை 60 சதவீதத்துக்கு மேல் எகிறும்போது தோள் காயங்கள் தெளிவாகக் கூடுவதைக் காட்டியது. கையை வெளிப்பக்கம் சுழற்றும் பலம் குறைவாக இருந்தவர்களுக்கு அதைவிடக் குறைந்த ஏற்றமே போதுமானதாக இருந்தது. மூன்று வாரம் பூஜ்ஜியத்தில் இருந்துவிட்டு முழுப் பயிற்சிக்குத் திரும்புவது எவ்வளவு பெரிய எகிறல் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

மற்றதைப் பேசுவதற்கு முன், காத்திருக்கவே கூடாத நிலைமைகளைச் சொல்லிவிட வேண்டும். விழுந்தோ மோதியோ தோளின் வடிவமே மாறித் தெரிந்தால், மூட்டு நழுவி இறங்கியிருந்தால், அடிபட்ட பிறகு கையைத் தூக்கவே முடியாமல் போனால், கை மரத்துப்போனாலோ விரல்கள் வெளிறிக் குளிர்ந்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நழுவிய மூட்டை மைதானத்தில் இழுத்து உட்கார வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். உடன் எலும்பு முறிவு இருக்கலாம், நரம்பும் ரத்தக் குழாயும் பக்கத்திலேயே ஓடுகின்றன. தோள் சிவந்து சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கக்கூடும். கை முழுவதும் திடீரென வீங்கி, கனத்து, நீலம் பாய்ந்தால் அக்குள் பக்கத்துப் பெரிய சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். கையை ஓயாமல் மேலே தூக்கி உழைக்கும் இளம் வீரர்களுக்கு இது அபூர்வமாக வரும், ஆனால் வந்தால் மணிக்கணக்கு முக்கியம். வயிற்றில் பலமான அடி விழுந்த பிறகு இடது தோளில் வலி வந்தால் அது மண்ணீரல் காயத்தின் அறிகுறியாக இருக்கலாம். நெஞ்சு அழுத்தம், மூச்சுத் திணறல், வியர்வையோடு வரும் தோள்வலி இதயத்துடையதாக இருக்கலாம். நீங்கள் சொன்னதில் இவை எதுவும் இல்லை. ஆனாலும் இதே பதிலை வேறு யாராவது தன் தோளுக்காகப் படித்துக்கொண்டிருக்கலாம்.

அவசரம் இல்லை என்றாலும் தள்ளிப்போடக் கூடாத இன்னொரு வகை உண்டு. எந்தப் பக்கம் படுத்தாலும் ராத்திரியில் விடாமல் வலிப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, வலி முழங்கைக்குக் கீழே இறங்கி விரல்களில் எறும்பு ஊர்வது போல இருப்பது, முன்பு தூக்கிய எடையை இப்போது தூக்க முடியாமல் பலம் குறைந்துகொண்டே போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் நாட்களுக்குள் பார்த்துவிட வேண்டும். 11 முதல் 16 வயதுக்குள் இருக்கும் பந்து எறியும் பிள்ளைகளுக்குத் தோள்வலி என்றால் என் கணக்கே வேறு. அந்த வயதில் மேற்கை எலும்பின் மேல்முனையில் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது, ஓயாமல் எறிவதால் அதுவே பாதிக்கப்படும். அவர்களுக்கு எறிவதை உடனே நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். "வளர்கிற வயது, வலிக்கத்தான் செய்யும்" என்று பெரியவர்கள் விட்டுவிடுவது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற விஷயம்.

யாரிடம் போவது? விளையாட்டு மருத்துவத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் கிடைத்தால் அவரே முதல் தேர்வு. இல்லையென்றால் எலும்பு மூட்டு மருத்துவர், அதிலும் தோள் மூட்டைத் தனியாகக் கவனிப்பவராக இருந்தால் நல்லது. விளையாட்டுக் காயங்களைப் பார்த்துப் பழகிய பிசியோதெரபிஸ்டிடமும் தொடங்கலாம். மருத்துவர் பார்க்க வேண்டிய அறிகுறி இருந்தால் அவர் அனுப்பிவைப்பார். பலகையில் எழுதியிருக்கும் பட்டத்தைவிட நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான்: அவர் உங்களை எப்படிச் சோதிக்கிறார்? சட்டையைக் கழற்றச் சொல்லாமல், இரண்டு தோளையும் ஒப்பிடாமல், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே ஸ்கேனுக்கோ மாத்திரைக்கோ எழுதிக் கொடுத்தால், பணிவாக நன்றி சொல்லிவிட்டு இன்னொருவரைப் பாருங்கள்.

போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வலியின் கதையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "ஸ்மாஷ் அடித்தால் வலிக்கிறது" என்பது போதாது. ஸ்மாஷை மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். கையைப் பின்னால் கொண்டுபோய் முழங்கை உயர்ந்து நிற்கும் கணத்தில் வலிக்கிறதா? அப்போது தோளின் முன்பக்கம் வலித்து, "நழுவிவிடுமோ" என்ற பயமும் சேர்ந்து வந்தால் மூட்டின் தளர்ச்சியைச் சந்தேகிப்போம். அதே நிலையில் உள்ளே ஆழமாக, பின்பக்கம் வலித்தால் லேப்ரமும் கஃபின் உள்பக்கமும் உராய்வதை நினைப்போம். பந்தை அடிக்கும் கணத்தில் வலியா, அடித்த பிறகு கை கீழே இறங்கும்போதா? பின்னதென்றால் நான் முதலில் சொன்ன பிரேக் தசைகளைப் பார்க்க வேண்டும். தோளின் உச்சியில், காறை எலும்பு முடியும் புள்ளியில் ஒரே விரலால் தொட்டுக் காட்ட முடிகிற வலி என்றால் அந்தச் சிறிய மூட்டிலேயே பிரச்சினை இருக்கலாம். கனமாக பெஞ்ச் பிரஸ் செய்கிறவர்களுக்கு அது அதிகம். இவையெல்லாம் உறுதியான தீர்ப்பு அல்ல, ஆனால் எங்கே தேட வேண்டும் என்று மருத்துவருக்கு வழிகாட்டும்.

இன்னும் சில குறிப்புகள் வேண்டும். வலி தொடங்குவதற்கு முந்தைய ஆறு வாரத்தில் என்ன மாறியது? புதிய கோச், புதிய செர்வ், கூடுதல் பயிற்சி நேரம், ஜிம்மில் புதிய உடற்பயிற்சி, காலில் ஒரு காயம்? காலைப் பற்றி ஏன் கேட்கிறேன் என்றால், கணுக்காலோ முழங்காலோ சரியில்லாமல் தாவும் உயரம் குறைந்தால் பந்தைத் தாழ்வாகவும் தலைக்குப் பின்னாலும் சந்திக்க வேண்டிவரும். அப்போது கால் கொடுக்க வேண்டிய விசையையும் தோள்தான் கொடுக்கிறது. இதுவரை சாப்பிட்ட மாத்திரைகள், போட்ட ஊசிகள், முன்பு எப்போதாவது தோள் நழுவியது, எல்லாவற்றையும் எழுதுங்கள். ஸ்மாஷ் அடிப்பதைப் பக்கவாட்டில் இருந்தும் பின்னால் இருந்தும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். நல்ல மருத்துவர் அதை ஆவலோடு பார்ப்பார்.

சோதனை எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது தெரிந்திருந்தால்தான் கிடைத்தது நல்ல சோதனையா என்று உங்களால் மதிப்பிட முடியும். முதலில் உங்கள் முதுகுப்பக்கம் நின்று இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பார்ப்பார். வாலிபால் ஆடுகிறவர்களிடம் நான் தவறாமல் தேடும் ஒன்று, அடிக்கிற கையின் தோள்பட்டை எலும்பு மேல் ஒரு பள்ளம். அங்கே இருக்கும் தசைக்குப் போகும் நரம்பு எலும்பின் ஓரத்தில் வளைந்து போகிறது. ஆயிரக்கணக்கான ஸ்மாஷ்களில் அது இழுபட்டும் அழுத்தப்பட்டும் பாதிக்கப்பட்டால் தசை மெதுவாகச் சூம்பிப்போகும். வலியே இல்லாமலும் இது நடக்கும், வீரருக்கே தெரியாது. முன்னால் நின்று பார்க்கிறவருக்கும் தெரியாது. பின்னால் வந்து, விளக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நிறுத்திப் பார்த்தால்தான் இடது பக்கம் நிரம்பியும் வலது பக்கம் குழிந்தும் இருப்பது தெரியும்.

பிறகு கையை நீங்களாகத் தூக்கச் சொல்வார், பின்னர் அவர் தூக்கிப் பார்ப்பார். நீங்கள் தூக்கும்போது மட்டும் வலித்து, அவர் தூக்கும்போது முழுதாகப் போனால் தசையும் தசைநாணும் சம்பந்தப்பட்டது. அவர் தூக்கினாலும் போகவில்லை என்றால் மூட்டே இறுகியிருக்கிறது. மல்லாக்கப் படுக்க வைத்து, கையைப் பக்கவாட்டில் நீட்டி முழங்கையை மடக்கி, உள்பக்கமும் வெளிப்பக்கமும் எவ்வளவு சுழல்கிறது என்று இரண்டு தோளிலும் அளப்பார். அடிக்கிற கையில் வெளிச்சுழற்சி கூடியும் உட்சுழற்சி குறைந்தும் இருப்பது இயல்பு; சிறு வயதிலிருந்து எறிந்து பழகியவர்களின் எலும்பே அப்படித் திரும்பி வளர்ந்திருக்கும். இரண்டையும் கூட்டினால் வரும் மொத்தச் சுழற்சி மறு தோளைவிடக் குறைந்திருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. பலத்தைக் கையால் அழுத்தியோ கருவியாலோ அளப்பார். கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார், ஏனென்றால் தோள்வலியில் ஒரு பங்கு கழுத்து நரம்பிலிருந்து வருவது. படுத்த நிலையில் கையைப் பின்னால் சாய்த்து, நழுவும் பயம் வருகிறதா என்று உங்கள் முகத்தைக் கவனிப்பார். தோளுக்கென்று பெயர் வைத்த சோதனைகள் ஏராளம். அவற்றில் எந்த ஒன்றும் தனியாக நின்று நோயைச் சொல்லிவிடாது, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

இனி எம்.ஆர்.ஐ. "எடுத்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும்" என்ற நம்பிக்கை இயல்புதான். ஆனால் 2003-ல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வை நினைவில் வையுங்கள். தோளில் வலியே இல்லாத 20 டென்னிஸ், பேஸ்பால் வீரர்களுக்கு எம்.ஆர்.ஐ எடுத்தார்கள். ஆடும் கைத் தோள்களில் 8 பேருக்கு, அதாவது 40 சதவீதம் பேருக்கு, ரொட்டேட்டர் கஃபில் பாதியளவோ முழுதாகவோ கிழிசல் தெரிந்தது. மறு தோளில் ஒருவருக்கும் இல்லை. ஐந்து ஆண்டு கழித்துக் கேட்டபோதும் அவர்களில் யாருக்கும் அந்தக் கிழிசலால் தொந்தரவு வந்திருக்கவில்லை. இதற்கு என்ன அர்த்தம்? வருடக்கணக்கில் எறிந்த தோளில் ஏதாவது ஒன்று தெரியத்தான் செய்யும். அதுதான் உங்கள் வலிக்குக் காரணம் என்று ஸ்கேன் சொல்லாது, சோதித்துப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். சோதிக்காமல் ஸ்கேன் எடுத்து, அறிக்கையில் "கிழிசல்" என்று படித்து, அந்த ஒரு வரியால் ஆட்டத்தையே விட்டுவிடும் முடிவுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல தோள்களை அந்தப் பயம் வீணடிக்கிறது.

அதற்காக ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லவில்லை. விழுந்து அடிபட்ட தோளுக்கும், நழுவிய தோளுக்கும் எக்ஸ்ரே உடனே வேண்டும். திடீரெனக் கை பலமிழந்தால், நரம்புப் பாதிப்பு தெரிந்தால், மூட்டு மறுபடி மறுபடி நழுவினால், உள்ளே ஏதோ சிக்கிப் பிடிப்பது போல இருந்தால் எம்.ஆர்.ஐ-யைத் தள்ளிப்போடக் கூடாது. ஒழுங்காக மூன்று மாதம் பயிற்சி செய்தும் முன்னேற்றமே இல்லை என்றாலும் எடுக்க வேண்டியதுதான். தசைநாண் கிழிசலைப் பார்க்க, நல்ல கை தேர்ந்தவர் செய்தால் அல்ட்ராசவுண்டே போதும், கையை அசைத்தபடியும் பார்க்கலாம். லேப்ரம் கிழிசலைத் தெளிவாகப் பார்க்க, மூட்டுக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ ஆர்த்ரோகிராம் தேவைப்படும். உங்கள் விஷயத்தில், ஐந்து மாதம் ஆகிவிட்டதால், சோதித்த மருத்துவர் "ஒன்றைப் பார்த்துவிடலாம்" என்று சொன்னால் எடுங்கள். அவரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "இதில் என்ன தெரிந்தால் சிகிச்சை மாறும்?" அதற்குத் தெளிவான பதில் இருந்தால் ஸ்கேனுக்கும் காரணம் இருக்கிறது.

சிகிச்சையில் முதலிடம் பயிற்சிக்குத்தான். இதைச் சொல்லும்போது பலருக்கு முகம் வாடும். ஏதோ சின்னதாக, ரப்பர் பட்டையை வைத்துக்கொண்டு இழுத்துக் காலம் கடத்தச் சொல்வதாக நினைக்கிறார்கள். உண்மையில் பயிற்சி என்பது மருந்து மாதிரி அளவு குறித்துக் கொடுத்து, வாரத்துக்கு வாரம் ஏற்ற வேண்டிய விஷயம். முதலில் முழுதாக ஆட்டத்தை நிறுத்துவதற்குப் பதில் வலியைத் தூண்டும் அளவை மட்டும் குறைப்போம். தாவலாம், தடுப்பாட்டம் ஆடலாம், செட் செய்யலாம், கீழிருந்து செர்வ் போடலாம், ஸ்மாஷுக்கு மட்டும் கொஞ்ச நாள் விடுப்பு. கூடவே கையை வெளிப்பக்கம் சுழற்றும் தசைகளுக்கு எடை ஏற்றுவோம்: முதலில் முழங்கை உடம்போடு ஒட்டிய நிலையில், பிறகு அடிக்கும் நிலையை ஒத்து முழங்கை தோள் உயரத்துக்கு வந்த நிலையில், கடைசியாக வேகமாகவும் பிரேக் போட்டும். தோள்பட்டை எலும்பைப் பிடிக்கும் தசைகளுக்கு இழுவைப் பயிற்சிகள். அத்தோடு இடுப்பும் காலும்.

வலித்தால் நிறுத்த வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். பத்துக்கு மூன்று நான்கு அளவு வலி பயிற்சியின்போது இருக்கலாம், அடுத்த நாள் காலைக்குள் பழைய நிலைக்கு அடங்கிவிட வேண்டும். அடங்கவில்லை என்றால் அளவு கூடிவிட்டது என்று பொருள். குறைத்துக்கொண்டு தொடருங்கள், விட்டுவிடாதீர்கள். 12 வாரம் என்பது நியாயமான முதல் தவணை. நாலு நாள் செய்துவிட்டு "பிசியோதெரபி பலிக்கவில்லை" என்று சொல்வது தோளுக்குச் செய்யும் அநியாயம். சூடு, கரண்ட், அல்ட்ராசவுண்ட் கருவி மட்டும் வைத்துப் படுக்க வைத்து அனுப்பிவிடும் சிகிச்சையாக இருந்தால் அதை பிசியோதெரபி செய்து பார்த்ததாக எண்ணாதீர்கள்.

மசாஜ் இதமாக இருக்கும், தசை இறுக்கம் தளரும், செய்துகொள்ளலாம். தோளைப் பிடித்து வெடுக்கென்று திருகிச் "சுளுக்கு எடுப்பதை" மட்டும் தவிர்த்துவிடுங்கள். தளர்ந்த மூட்டாக இருந்தால் அது நழுவும், கிழிசல் இருந்தால் பெரிதாகும்.

ஊசிக்கு வருகிறேன். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும், அது உண்மை. ராத்திரி தூங்கவே முடியாமல், பயிற்சியையே தொடங்க முடியாமல் இருப்பவருக்கு அந்த இடைவெளி பயன்படும். உங்கள் நிலைமை அதுவல்ல. வலியை மறைத்துவிட்டு, அதே பலமில்லாத தசைநாணோடு போட்டியில் முழு வேகத்தில் ஸ்மாஷ் அடிப்பதற்காக ஊசி போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திரும்பத் திரும்பப் போட்டால் தசைநாணே பலவீனமாகும். 22 வயதுத் தோளுக்கு அது பெரிய விலை.

பலருக்குத் தெரியாத இன்னொரு ஆபத்தும் இதில் இருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல், மூட்டுக்குள் போடுவது உட்பட எல்லா வகை ஸ்டீராய்டு ஊசியும் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டது என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை விதி வைத்திருக்கிறது. ஊசி போட்டதிலிருந்து போட்டி வரை விட வேண்டிய இடைவெளி மருந்தைப் பொறுத்தது: மூட்டிலோ அதைச் சுற்றியோ போட்டால் பொதுவாக 3 நாள், தோளுக்கு அதிகம் பயன்படும் டிரையம்சினலோன் அசெட்டோனைடு என்றால் 10 நாள், அதையே தசையில் போட்டால் 60 நாள். டிரமடால் என்ற வலி மாத்திரை 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை. இப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை தடைப் பட்டியலில் இல்லை, ஆனால் வாரக்கணக்கில் விழுங்கினால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. எனவே மருத்துவரிடம் உட்கார்ந்த உடனே "நான் போட்டிகளில் ஆடுகிறேன், ஊக்கமருந்து சோதனைக்கு உட்பட்டவன்" என்று சொல்லுங்கள். எழுதிய மருந்தின் பெயரையும், போட்ட ஊசியின் பெயர், அளவு, தேதியையும் சீட்டில் குறித்து வாங்கி வையுங்கள். தவிர்க்க முடியாத சிகிச்சை என்றால் மருத்துவ விலக்குக்கு விண்ணப்பிக்க அந்தச் சீட்டுதான் ஆதாரம்.

அறுவை சிகிச்சையைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். தோளின் மேற்கூரை எலும்பு கீழே இருக்கும் தசைநாணில் உரசுவதால் வலிக்கிறது என்ற விளக்கம் 1972-ல் சார்லஸ் நீர் (Neer) என்ற அமெரிக்க அறுவை நிபுணரின் கட்டுரையிலிருந்து பரவியது. அந்த எலும்பைச் சீவிவிடும் அறுவை சிகிச்சை பல ஆண்டுகள் ஏராளமாக நடந்தது. பிரிட்டனில் 313 நோயாளிகளை வைத்து நடத்தி 2018-ல் லான்செட் இதழில் வெளியான சோதனை, எலும்பைச் சீவியவர்களுக்கும் உள்ளே கருவியை விட்டுப் பார்த்துவிட்டு எதையும் சீவாமல் தைத்தவர்களுக்கும் வலியில் கவனிக்கத்தக்க வேறுபாடு இல்லை என்று காட்டியது. லேப்ரத்தின் மேல்பகுதிக் கிழிசலைத் தைப்பதிலும் 2017-ல் நார்வேயில் இருந்து வந்த சோதனை அதையேதான் சொன்னது. இரண்டிலும் இருந்தவர்கள் பெரும்பாலும் நடுத்தர வயதினர், உயர்மட்ட வீரர்கள் அல்ல. ஆகவே அப்படியே உங்கள் மேல் பொருத்த முடியாது. ஆனாலும் பயிற்சியை முழுதாக முயலாமல் கத்திக்குப் போகக் கூடாது என்று சொல்ல அவை போதும்.

அறுவை சிகிச்சையை முன்கூட்டியே பேச வேண்டிய தோள்களும் உண்டு. இருபதை ஒட்டிய வயதில், மோதல் உள்ள விளையாட்டில் தோள் முன்பக்கமாக நழுவினால் மறுபடியும் நழுவும் வாய்ப்பு மிக அதிகம். ஒவ்வொரு முறையும் குழியின் விளிம்பு எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அங்கே காத்திருப்பதுதான் இழப்பு. அடிபட்டு முழுதாக அறுந்த கஃப் தசைநாணும் அப்படித்தான், நாளாக ஆக சுருங்கி விலகி, தைப்பது கடினமாகும். டென்னிஸ் வீராங்கனை மரியா ஷரபோவாவுக்கு 2008-ல் கஃபில் கிழிசல் என்று தெரிந்ததும் அந்த ஆண்டின் ஒலிம்பிக்கையும் யு.எஸ். ஓபனையும் விட்டார். முதலில் பயிற்சியால் சரிசெய்யப் பார்த்து, முடியாமல் அக்டோபரில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஒற்றையர் ஆட்டத்துக்கு 2009 மே மாதம்தான் திரும்பினார், 2012-ல் பிரெஞ்சு ஓபனை வென்றார். திரும்பி வர முடியும் என்பதற்கும், அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கும் அதுவே உதாரணம்.

அடுத்த மாதப் போட்டி. நேரில் பார்க்காமல் ஆடலாம், ஆடக்கூடாது என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லலாம். வெளிச்சுழற்சிப் பலம் மறு தோளுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும், உட்சுழற்சிப் பலத்தில் முக்கால் பங்கை அது எட்டியிருப்பது நல்லது. மொத்தச் சுழற்சி இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக வேண்டும். நின்றபடி சுவரில் அடிப்பது, பிறகு தாவாமல் வலைக்கு மேல் அடிப்பது, பிறகு பாதி வேகத்தில் தாவி அடிப்பது, பிறகு முழு வேகம் என்று படிப்படியாக, ஒன்றுவிட்டு ஒரு நாள் என்ற கணக்கில் எண்ணிக்கையை ஏற்றி, அடுத்த நாள் காலை தோள் அமைதியாக இருக்க வேண்டும். நான்கு வாரத்தில் அந்தக் கடைசிப் படியை எட்டினால் ஆடுங்கள். எட்டவில்லை என்றால் கோச்சிடம் இப்போதே பேசி, பின்வரிசைத் தடுப்பாட்டத்துக்கு மட்டும் இறங்க முடியுமா என்று கேளுங்கள். லிபரோவாக ஒரு போட்டி ஆடுவது அணிக்கும் உதவும், தோளுக்கும் அவகாசம் தரும். பல கோச்சுகள் வீரர் மறைக்கும்போதுதான் கோபப்படுகிறார்கள். மருத்துவர் எழுதிய திட்டத்தோடு போய் உட்கார்ந்து பேசினால் பெரும்பாலும் ஒத்துழைப்பார்கள்.

சரியான பிறகும் வெளிச்சுழற்சி, தோள்பட்டைப் பயிற்சிகளை வார்ம்-அப்பிலேயே வாரம் மூன்று முறை வைத்துக்கொள்ளுங்கள். நார்வேயில் 660 ஹேண்ட்பால் வீரர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை இப்படி ஒரு வார்ம்-அப் திட்டத்தை ஒரு பருவம் முழுக்கச் செய்ய வைத்தபோது, செய்யாத மற்றவர்களைவிட அவர்களுக்குத் தோள் பிரச்சினைக்கான அபாயம் 28 சதவீதம் குறைவாக இருந்தது. அதற்குப் பிடிப்பது பத்து நிமிடம்தான்.

மருத்துவரைப் பார்த்து வந்த பிறகு அவர் என்ன சொன்னார், பள்ளம் ஏதும் தெரிந்ததா, சுழற்சி அளவுகள் எவ்வளவு என்று எழுதினால், பயிற்சியை எந்தப் படியில் இருந்து தொடங்குவது என்று சொல்கிறேன்.